ஒரு படத்தோடு நிறுத்தாதவர்களுக்கு நன்றி

மாரடைப்பு வந்து ஆறு வாரம் கழித்து எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் என் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, 32 சதவீதம். நல்ல இதயத்தில் 55க்கு மேல் இருக்குமாம். முன்பக்கச் சுவர் அசையவே இல்லை. ‘அந்தப் பக்கம் அவ்வளவுதான்’ என்று ஒருவர் சொன்னார். சரி, இருப்பதை வைத்து ஓட்டுவோம் என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

எக்கோ எடுத்த அம்மா மட்டும், ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தபடியே, “அசையாததெல்லாம் செத்ததில்லைங்க” என்றார். ஆறுதல் வார்த்தை என்று நினைத்துவிட்டேன்.

எம்.ஆர்.ஐ. அறைத் தம்பிக்குப் பொறுமை அதிகம். “மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்! நடுவில் நான் இருமிக் கெடுத்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்தார். காடோலினியம் ஊசி போட்டுப் பத்து நிமிடம் போனால், நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும். செத்த தசையின் தழும்பில் தங்கி வெள்ளையாகத் தெரியும். என் படத்தில் அந்த வெள்ளை, சுவரின் உட்பக்கத்தில் மட்டும், தடிமனில் பாதிகூட இல்லாமல் ஓடியது.

அப்புறம் பெட் ஸ்கேன். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, எந்தத் தசை அதை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது. எனக்குச் சர்க்கரைநோய் வேறு. குளுக்கோஸ் குடிக்கவைத்து, விரலைக் குத்திக் குத்திப் பார்த்து, இன்சுலின் கொடுத்துச் சரிக்கட்டுவதற்குள் செவிலியர் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பக்குவம் இல்லாவிட்டால் இதயம் தன் வழக்கப்படி கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கும், படமும் தெளியாது. ரத்தம் சரியாகப் போகாத அதே சுவர், சர்க்கரையை மட்டும் இழுத்துக்கொண்டது. உயிர் இல்லாத தசை அதைச் செய்யாது.

படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, கதிரியக்க மருத்துவரும் இதய மருத்துவரும் ஒரே திரைமுன் உட்கார்ந்து பேசியதைப் பின்னால் நின்று கேட்டேன். தனித்தனியே மூன்று அறிக்கை வந்திருந்தால் என் கதை வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம். “இது தழும்பு. இதற்கு வெளியே இருப்பது உறங்குகிற தசை. பைபாஸ் செய்து பார்க்கலாம், ஆனால் தேறும் என்று சத்தியம் பண்ணமாட்டேன்” என்றார் இதய மருத்துவர். அந்த நேர்மைக்குத் தனி நன்றி, ஐயா.

அறுவைசிகிச்சை முடிந்து ஆறு மாதத்தில் மறுபடி எக்கோ. பம்பிங் 44. அதே அம்மா திரையை என் பக்கம் திருப்பினார். முன்சுவர், மனசில்லா மனசோடு, கொஞ்சம் உள்ளே வந்து போனது.

“அன்னைக்கே சொன்னேன்ல?”

சொன்னீர்கள் அம்மா. எனக்குத்தான் காதில் ஏறவில்லை.