ஏரிக்கு முன்பே வரைந்த கரை

அன்புள்ள கதிர்,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அந்தக் கணக்கைச் சீனு முன்னால் தீர்த்துக்கொள்ளலாம்.

கொஞ்ச நாளாக வடக்கு டகோட்டாவின் டெவில்ஸ் லேக் ஏரிப் பக்கத்து டோப்போ தாள்களோடுதான் (நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடங்கள்) பொழுது போகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை பழைய தாள்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே தருகிறது. பழைய தாள் பேரீச்சம்பழத்துக்குத்தான் லாயக்கு என்பாயே, இதைக் கேள்.

பனிப்பாறை அந்தப் புல்வெளியைப் பெயர்த்து, மண்ணைத் தெற்கே குன்றுகளாகத் தள்ளிவிட்டுப் போன பள்ளம்தான் அந்த ஏரி. நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1458 அடிக்கு ஏறினால்தான் ஷெயென் ஆற்றுக்கு வழியும். அதுவரை வந்த தண்ணீருக்கு இயற்கையில் ஆவியாவது தவிர வேறு வழியில்லை. 1940இல் மட்டம் சுமார் 1401 அடி. 1993க்குப் பிறகு மழை ஓயவில்லை, 2011இல் 1454ஐத் தாண்டிவிட்டது!

ஏரி 1430ஐக்கூட எட்டாத காலத்தில் அளந்த தாளை எடுத்து 1450 அடி கான்டூர் கோட்டை, அதாவது அதே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோட்டை, பிடித்துக்கொண்டு போனேன். வயல், சாலை, ஊர் ஓரம் என்று வளைந்து வளைந்து போகிறது. பின்னால் தண்ணீர் வந்து நின்றது ஏறத்தாழ அந்தக் கோட்டில்தான். காய்ந்த நிலத்தில் மட்டம் பார்த்தவர்கள், வரப்போகும் ஏரிக்குக் கரை போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது, கதிர்.

ஆனால் அங்கே குடியிருந்தவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. மின்னவாகன் என்ற ஊர் 1990களின் தொடக்கத்தில் கரையிலிருந்து 8 மைல் தள்ளி இருந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்தையே மேட்டுக்கு மாற்றும்படி ஆனது. கோடு தாளில் இருந்தது, யார் கண்ணிலும் படவில்லையா?

அங்கே முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஜோசப் நிக்கொலே. 1839இல் காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டரைச் சுமந்துபோய் உயரம் கணித்தார், நட்சத்திரம் பார்த்து இடம் குறித்தார். அங்கத்திய பழங்குடிகளான டகோட்டா மக்கள் வைத்திருந்த பெயர்கள் பலவற்றை அப்படியே பதிந்தார். 1843இல் வரைபடம் அச்சானது. அதே ஆண்டு இறந்துபோனார். அந்த மனிதரை நினைக்காமல் இந்தத் தாள்களை மடிக்க முடியவில்லை.

உன் மகள் சிவில்தானே படிக்கிறாள்? ரெண்டு தாள் அனுப்புகிறேன். 1450 கோட்டை அவளே பென்சிலால் ஓட்டிப் பார்க்கட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து அறிவுரை சொல்லாதே. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி