தறிக்கூடத்தில் ஒரு கச்சேரி

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டுத் தறிக்கூடத்தில் போன மாதம் ஒரு சனிக்கிழமை பாட்டுக் கச்சேரி நடந்தது. பாடியவர்கள் நான்கு இளைஞர்கள். ஒரு பழைய காரில் கிடார், வயலின், கஹோன் என்கிற மரப்பெட்டி சகிதம் ஊர் ஊராகப் போகிறார்கள். கரூர், நாமக்கல் முடித்துச் சேலம், மறுநாள் தருமபுரி. எந்த ஊரானாலும் யாராவது ஒருவர் வீட்டுக் கூடம்தான் மேடை. அவர்களே எழுதி மெட்டுப் போட்ட தமிழ்ப் பாட்டுகள்.

சேலத்தில் முதலில் அவர்கள் ஒரு மண்டபத்தைத்தான் கேட்டார்கள். இரண்டு மணி நேரம் போதும் என்று சொல்லியும், கல்யாணத்துக்கு வாங்குகிற முழுநாள் வாடகை, முன்பணம், ஜெனரேட்டருக்குத் தனி என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குழுவில் பாடுகிற பெண் என் மகளோடு படித்தவள். அப்படித்தான் பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்தது.

குழித்தறி இரண்டையும் விற்று ஆறு வருஷமாகிறது. குழிகளைப் பலகை போட்டு மூடி வைத்திருந்தேன். உள்ளே வந்ததும் அந்தப் பெண் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தாள். "எதிரொலி ஜாஸ்தியா இருக்குங்கப்பா, சுவத்துல ஏதாச்சும் தொங்க விடலாங்களா?" என்றாள். பவானி ஜமக்காளம் மூன்றை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, இரண்டைத் தரையில் விரித்தோம். மறுபடி தட்டினாள். அடங்கியிருந்தது. பெட்டி வாசிக்கிற தம்பி ஒரு பலகையை எடுத்துவிட்டுக் குழி ஓரமாகப் பெட்டியைப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான். பெட்டியின் பின்பக்கம் ஒரு வட்ட ஓட்டை உண்டு. அது குழியைப் பார்த்து இருந்தது. உள்ளங்கையால் தட்டியதும் மிருதங்கத் தொப்பி மாதிரி கும்மென்று வந்தது. நாற்பது வருஷம் நான் காலைத் தொங்கப்போட்டு மிதி மிதித்த குழி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மைக் கிடையாது. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு விதி. எங்களுக்கு ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை, எட்டரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் 38 பேர். மைக் சத்தத்துக்குப் பயந்து கல்யாண வீட்டில் கடைசி வரிசை தேடுகிற என் அம்மா, முன்னால் பாயில் உட்கார்ந்து, "ஒவ்வொரு சொல்லும் புரியுதுடா" என்றார்.

டிக்கெட் இல்லை. வாசலில் வைத்த பித்தளைத் தவலையில் அவரவர் முடிந்ததைப் போட்டார்கள். 7,150 ரூபாய் சேர்ந்தது, அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்தோம். மண்டப வாடகை கட்டியிருந்தால் ஒரு ரூபாய் மிஞ்சியிருக்காது. ராத்திரி இட்லியும் தக்காளிச் சட்னியும் சாப்பிட்டு, அதே ஜமக்காளத்தில் படுத்துத் தூங்கினார்கள்.

ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுத்த காலத்தில் பாட்டுக்காரர்களும் வாத்தியக்காரர்களும் இந்த ஊரைத் தேடி வந்தார்கள். இன்று அதன் நுழைவு வளைவுதான் நிற்கிறது. சொந்தமாகப் பாட்டெழுதி வருகிற பிள்ளைகளை இந்த ஊரே இடமில்லை என்று அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

மண்டபம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் நாட்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுங்கள். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகைப் பக்கம் வேலை நின்றுபோன தறிக்கூடம் வைத்திருக்கும் என் தொழில்காரர்களும் ஒரு மாலை கதவைத் திறந்துவிடுங்கள். ஜமக்காளம் ஐந்தும் என்னிடம் இருக்கின்றன. கேட்பவர் வீட்டுக்கு நானே கொண்டுவந்து கட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கைத்தறி நெசவாளர்,
அம்மாபேட்டை, சேலம்.