65 சதவீதத்தோட நிறுத்திட்டீங்களே

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல மில்கிராம் சோதனை பத்தி வந்த கட்டுரை படிச்சேன். அதிகாரத்துல இருக்கவன் சொன்னா மனுஷன் எதையும் செய்வான், நாமெல்லாம் வெறும் ஆட்டுமந்தைன்னு முடிச்சிருக்கு. நான் காலேஜ்ல சைக்காலஜி நடத்துறவ, இதே கதைய இதே இடத்துல நிறுத்திட்டு வர்ற பசங்க பேப்பரத்தான் வருஷா வருஷம் திருத்துறேன், அதான் எழுதாம இருக்க முடியல.

கட்டுரைல குடுத்த விவரம் எதுவும் தப்பில்ல. 1961ல அமெரிக்காவோட யேல் யூனிவர்சிட்டில உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஆரம்பிச்சாரு, வந்தவங்களுக்கு 4 டாலரும் வந்துபோற செலவுக்கு 50 சென்ட்டும். அடுத்த ரூம்ல இருக்கவர் தப்பா பதில் சொன்னா ஷாக் குடுக்கணும்னு சோதனை நடத்துறவர் பக்கத்துல இருந்து ஆர்டர் போடுவாரு, மெஷின்ல 30 சுவிட்ச், 15 வோல்ட்ல ஆரம்பிச்சு 450 வரைக்கும். உள்ள இருந்தவர் செட்டப் ஆளு, அவருக்கு ஷாக்கே அடிக்கல, ஆனா சுவிட்ச் போடுறவருக்கு அது தெரியாது. 40 பேர்ல 26 பேர் கடைசி சுவிட்ச் வரைக்கும் போனாங்க. உங்க 65 சதவீதம் இதான். ஆனா அந்த 26 பேரும் கல்லு மாதிரி உக்காந்து போடல சார், வந்தவங்கள்ல நெறைய பேர் வேர்த்துக் கொட்டி, உதட்டக் கடிச்சு, வாய் குழறி, சிலர் அடக்க முடியாம சிரிச்சு, அந்தப் பாடு பட்டிருக்காங்க. மந்தைக்கு ஏது இந்த அவஸ்தை?

மில்கிராம் இதோட விட்டுடவும் இல்ல. ஷாக் வாங்குறவர அதே ரூம்ல கொண்டுவந்து உக்கார வெச்சா 65 வந்து 40 ஆயிடுச்சு, அவர் கையப் புடிச்சு ஷாக் அடிக்கிற தகட்டுல வெக்கணும்னு சொன்னா 30. ஆர்டர் போடுறவர் ரூம விட்டுப் போயி ஃபோன்ல சொன்னா 20 சதவீதத்துக்கு வந்துடுச்சு, அதுலயும் எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா சிலர் ஃபோன்ல "ஏத்திட்டேன் சார்"னு சொல்லிட்டு சின்ன சுவிட்சயே போட்டுட்டு இருந்திருக்காங்க (நம்ம ஆபீஸ்கள்ல நடக்கிறதுதான்). ஆர்டர் போடுற ரெண்டு பேர் ஒருத்தர் போடுன்னும் இன்னொருத்தர் நிறுத்துன்னும் சொன்னப்ப ஒருத்தர்கூட கடைசி வரைக்கும் போகல.

கட்டுரைல கட்டாயம் இருந்திருக்க வேண்டியது இன்னொண்ணு. பக்கத்துல கூட இருந்து ஷாக் குடுக்கிற மாதிரி நடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் 150 வோல்ட்லயும் அடுத்தவர் 210லயும் "என்னால முடியாது"ன்னு எந்திரிச்சிட்டாங்க. அப்புறம் 450 வரைக்கும் போனது 40க்கு 4 பேர். அதே மெஷின், அதே ஆர்டர் சார். சாலமன் ஆஷ் 1950கள்ல செஞ்ச கோடு அளக்குற சோதனைலயும் இதே கதைதான், எல்லாரும் சேர்ந்து தப்பான கோட்டக் காட்டினா சராசரியா மூணுல ஒரு தடவை நம்மாளும் தப்பாச் சொல்றாரு, ஆனா கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியாச் சொல்லிட்டா போதும், அந்தத் தப்பு முன்ன இருந்ததுல கால்வாசியா இறங்கிடுது.

அப்புறம் அந்த "ஆர்டர்" விஷயம். யாராச்சும் தயங்கினா சொல்றதுக்கு நாலு வசனம் எழுதி வெச்சிருந்தாங்க, மொதல்ல "தயவுசெஞ்சு தொடருங்க", அப்புறம் "சோதனைக்கு இது தேவை", இப்படி ஏறி கடைசில "உங்களுக்கு வேற வழியில்ல, தொடர்ந்துதான் ஆகணும்". ஜெர்ரி பர்கர்ங்கிற உளவியலாளர் 150 வோல்ட்டோட நிறுத்தி இத திரும்ப செஞ்சு 2009ல வெளியிட்ட ஆய்வுல அந்த நாலாவது வசனம் வரைக்கும் வந்தவங்க யாருமே தொடரல. நாலுல அப்பட்டமான ஆர்டர்னா அதான், அதுக்குத்தான் ஒருத்தரும் படியல. சயின்ஸுக்கு நல்லதுன்னு நம்பித்தான் போனாங்க, சும்மா பயந்து இல்லன்னு ஹாஸ்லம், ரைக்கர் மாதிரி உளவியலாளருங்க சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். எனக்கும் அதான் சரின்னு படுது.

பெட்டிச் செய்தியா போட்ட, காலேஜ் பசங்கள கைதியாவும் காவலராவும் நடிக்க வெச்ச ஸ்டான்ஃபோர்ட் ஜெயில் சோதனை பத்தி ஒரே வரி. காவலர் வேஷம் போட்டவங்க தானா கொடுமைக்காரங்களா மாறல, எப்படி நடந்துக்கணும்னு அவங்களுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு 2019லயே ஆவணங்களோட கட்டுரை வந்தாச்சு.

உங்க மாணவர் பக்கத்த எங்க பசங்க வெட்டி நோட்டுல ஒட்டி வெச்சுப் படிக்கிறாங்க. அதனால அடுத்த வாரமே சின்னதா ஒரு பெட்டில அந்த 40க்கு 4 பேர் கணக்கையும் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியை, மதுரை