பன்றிக்கு எல்லா ஊரும் ஒன்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அண்மையில் வெளியான பன்றி வளர்ப்புக் கட்டுரையைப் படித்தேன். தீவனச் செலவையும் விற்பனை வாய்ப்பையும் பற்றி அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. ஆனால், பன்றி எதையும் தின்னும், எங்கும் வாழும், அதற்கு எந்த ஊரும் ஒன்றுதான், ஆகவே நாட்டுப் பன்றியைக் கைவிட்டு வெண்பன்றிக்கு மாறுவதில் இழப்பு ஏதும் இல்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய என்னால் கடந்துபோக முடியவில்லை. சைபீரியாவின் பனியிலும், திபெத்தின் மேட்டு நிலத்திலும், நம் ஊர் ஏரிக்கரையிலும் பன்றி வாழ்கிறது என்பது உண்மைதான். ஆயினும் அந்தந்த இடத்துக்கு ஏற்ப அதன் மரபணுக்கள் ஆயிரக்கணக்கான தலைமுறைகளாகத் திருத்தி எழுதப்பட்டதால்தான் அது அங்கே வாழ்கிறது.

காட்டுப்பன்றி தென்கிழக்கு ஆசியாவில் தோன்றி வடக்கும் மேற்கும் பரவிய விலங்கு. ஆசியக் காட்டுப்பன்றியும் ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்பதை 2012-இல் வெளியான பன்றியின் மரபணுத்தொகை (அதாவது முழு டி.என்.ஏ.) ஆய்வு காட்டியது. அவ்வாறு பிரிந்தவற்றை மனிதன் அனத்தோலியாவில் (இன்றைய துருக்கிப் பகுதி) ஒரு முறையும் சீனாவில் ஒரு முறையும் தனித்தனியாகப் பழக்கியிருக்கிறான்.

வெப்ப நாட்டு விலங்கு என்பதற்கான தடயம் அதன் உடலிலேயே இருக்கிறது. பல பாலூட்டிகளின் குட்டிகள், பழுப்புக் கொழுப்பு என்னும் திசுவை எரித்து, நடுங்காமலேயே உடலைச் சூடாக வைத்துக்கொள்கின்றன. அந்த வேலையைச் செய்யும் யூ.சி.பி.1 என்ற மரபணு பன்றிகளின் மூதாதையரிடம் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2006-இல் எழுதினார்கள். வெப்பமான இடத்தில் அந்த அடுப்பு அணைந்ததால் பெரிய நட்டம் ஏற்பட்டிருக்காது. குளிர்நாட்டுக்கு வந்த பிறகுதான் அதன் விலை தெரிந்திருக்கும்.

அந்த விலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கூடலூருக்கு அருகே ஒரு பண்ணையில் மார்கழி இரவொன்றில் தாய்ப்பன்றி பதினோரு குட்டிகளை ஈன்றது. ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோ இருக்கும். பிறந்த குட்டிக்கு முதல் நாட்களில் 32 முதல் 34 பாகை செல்சியஸ் வரை வெப்பம் தேவை. அன்று கொட்டிலில் அதில் பாதிகூட இல்லை. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைக் கயிற்றில் தாழ்த்திக் கட்டி, வைக்கோலைக் கொட்டியதும், ஒன்றன்மீது ஒன்றாக ஏறி ஒரே குவியலாகிவிட்டன. அந்த வெளிச்ச வட்டத்துக்கு வெளியே படுத்த இரண்டு, விடிவதற்குள் விறைத்துவிட்டன. அதே மலையில் காட்டுப்பன்றி உண்ணிச்செடிப் புதருக்குள் புல்லையும் சுள்ளியையும் சேர்த்துக் கூடு கட்டி ஈனுவதைப் பழங்குடியினர் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். குளம்புள்ள விலங்குகளில் ஈனுவதற்குக் கூடு கட்டும் வழக்கம் மிக அரிது. மரபணு கைவிட்ட வேலையைத் தாயின் நடத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பல்பு கட்டிய நாங்களும் அந்தத் தாயின் வேலையைத்தான் செய்தோம்.

கூடு மட்டும் போதாத இடங்களும் உண்டு. வடகிழக்குச் சீனாவின் 'மின்' (Min) என்ற இனப் பன்றியும் திபெத்தியப் பன்றியும் கடுங்குளிரைத் தாங்குபவை; அவற்றின் கொழுப்புத் திசுவில் யூ.சி.பி.3 என்ற உறவு மரபணு அந்தப் பழைய அடுப்பின் வேலையை ஓரளவு செய்வதாகச் சீன ஆய்வாளர்கள் 2017-இல் கண்டனர். (அதே ஆண்டில் வேறொரு சீனக் குழு எலியின் யூ.சி.பி.1 மரபணுவையே பன்றிக்குள் செலுத்தி, குளிரைத் தாங்கும், கொழுப்புக் குறைந்த குட்டிகளைப் பெற்றது. இயற்கை கைவிட்டதை ஆய்வகம் ஒட்டவைத்த கதை அது.) சீனாவின் வடபகுதிப் பன்றிகளுக்கும் தென்பகுதிப் பன்றிகளுக்கும் எக்ஸ் குரோமோசோமில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள பகுதி ஒன்று முற்றிலும் வேறுபடுவது 2015-இல் தெரியவந்தது. வடபகுதி வடிவம், இன்று அழிந்துபோன வேறொரு பன்றியினத்தோடு பண்டைக் காலத்தில் நேர்ந்த கலப்பில் வந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. திபெத்தின் காட்டுப்பன்றிகளிலோ, ஆக்சிஜன் குறைவைத் தாங்குவதோடும் ஆற்றலைப் பயன்படுத்துவதோடும் தொடர்புடைய மரபணுக்களில் இயற்கைத் தேர்வின் தடம் தெரிகிறது. எங்கும் வாழும் என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் இத்தனை வேலை நடந்திருக்கிறது.

வளர்ப்புப் பன்றியைப் பொறுத்தவரை, சுற்றுச்சூழல் என்பதில் மனிதனின் விருப்பமும் அடங்கும். காட்டுப்பன்றிக் குட்டியின் முதுகில் ஓடும் வரிகள் புதர் நிழலில் அதை மறைக்கின்றன. ஆகவே நிறத்தைத் தீர்மானிக்கும் எம்.சி.1.ஆர். மரபணுவில் புரதத்தை மாற்றும் பிழை எது நேர்ந்தாலும் காட்டில் அது நிலைப்பதில்லை. பட்டியில் நிலைமை தலைகீழ்: கருப்பும் வெள்ளையும் புள்ளியும் வேண்டும் என்று மனிதன் தேடித் தேடித் தேர்ந்தெடுத்தான். ஒருமுறை, காட்டோரக் குடியிருப்பு ஒன்றில் மேய விட்டிருந்த கருப்புப் பன்றி ஈன்ற ஒன்பது குட்டிகளில் நான்கின் முதுகில் வரி ஓடியது. வளர்த்த பாட்டி, "காட்டுக் கிடாவோட வேலை சாமி" என்று சிரித்தார். ஆசியக் கருப்புப் பன்றிகளில் பெரும்பாலும் கருமையே ஓங்கு பண்பு; அதாவது, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே குட்டி கருப்பாகிவிடும். கலப்பற்ற கருப்புத் தாய்க்கு வரிக்குட்டி பிறப்பது எளிதன்று. அந்தத் தாயின் உடம்பிலேயே முன்பே காட்டு இரத்தம் கலந்திருக்க வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இத்தகைய கலப்பு உலகெங்கும் நடந்திருக்கிறது, அதன் விளைவும் இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முன் உழவர்களோடு ஐரோப்பாவுக்குள் வந்த மேற்காசிய வளர்ப்புப் பன்றிகள் அங்குள்ள காட்டுப்பன்றிகளோடு தொடர்ந்து கலந்தன. இன்றைய ஐரோப்பிய இனங்களில் அந்த மேற்காசிய மரபு மிகச் சிறு பங்கே எஞ்சியிருப்பதைத் தொல்லெலும்புகளின் டி.என்.ஏ. ஆய்வு 2019-இல் காட்டியது. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்தது இதற்கு எதிர்த்திசை. 2011 அணு உலை விபத்துக்குப் பின் மக்கள் வெளியேறிய பகுதியில் பண்ணைப் பன்றிகள் தப்பிக் காட்டுப்பன்றிகளோடு சேர்ந்தன. 2021-இல் வெளியான ஆய்வில் அங்கே 31 கலப்பின விலங்குகள் அடையாளம் காணப்பட்டன. ஆனால் பண்ணைப் பன்றியின் மரபணுப் பங்கு ஆண்டுக்கு ஆண்டு நீர்த்துக்கொண்டே வந்தது. கதிரியக்கத்தால் உருமாறிய பன்றிகள் என்று நம் ஊடகங்கள் பரபரப்பாகப் பேசிய விலங்குகள் இவைதாம். பண்ணை மரபு அந்த நிலத்தில் நிலைக்கவில்லை என்ற உண்மையான செய்தி அந்தப் பரபரப்பில் அடிபட்டுப்போனது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பன்றிக்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் திறன் மிகக் குறைவு. சித்திரை வெயிலில் வெண்பன்றிப் பண்ணைக்குப் போனால் மின்விசிறியும் நீர்த்தெளிப்பானும் இடைவிடாமல் ஓடுவதைக் காணலாம். அவை நின்றால் சினைப்பன்றி மூச்சிரைக்கும், தீவனத்தைத் தொடாது, கிடாவின் விந்துத் தரம் சரியும். வெண்பன்றியின் தாயகமான இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் தட்பவெப்பத்தை மின்கட்டணம் கட்டி நாம் இங்கே உருவாக்கிக் கொடுக்கிறோம் என்பதே உண்மை. விரைந்து எடை போடுவதற்காக உழவர் அந்தச் செலவை ஏற்பதில் தவறில்லை. வெண்பன்றி வளர்க்க நானே பலருக்கு ஆலோசனை கூறியிருக்கிறேன். என் மறுப்பு, இழப்பு ஏதும் இல்லை என்ற கூற்றுக்கு மட்டுமே. கட்டுரையாளர் போற்றும் அந்த வெண்பன்றியின் மரபணுத்தொகையில் கணிசமான பகுதி, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்குக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்ட சீன நாட்டுப் பன்றிகளிடமிருந்து வந்தது. ஒரே ஈற்றில் அதிகக் குட்டி ஈனும் திறனுக்குத் துணைசெய்யும் மரபணு வடிவங்களும் அந்த வழியே வந்தவைதாம். சீன உழவர்கள் தங்கள் பன்றியை முன்பே கைவிட்டிருந்தால் இங்கிலாந்துக்காரர் எதைக் கப்பலேற்றியிருப்பார்?

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் மேற்கு வங்கத்தின் குங்ரு, மேகாலயத்தின் நியாங் மேகா, கோவாவின் அகோண்டா கோவன், நாகாலாந்தின் தென்யி வோ, நிக்கோபாரி எனப் பல நாட்டு இனங்களைப் பெயர் சூட்டிப் பதிவு செய்திருக்கிறது. பதிவு என்றால் உடலளவு, நிறம், ஈற்று எண்ணிக்கை, வாழிடம் ஆகியவை எழுத்தில் நிற்கின்றன என்று பொருள். நம் மாவட்டங்களின் கருப்புப் பன்றிகளையும் அதே முறையில் அளந்து, இரத்த மாதிரி எடுத்து, உறைவிந்து சேமித்த பிறகே இன மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கோரிக்கை. ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் பத்துப் பன்னிரண்டு பன்றிகளை வைத்திருக்கும் எளிய வளர்ப்போரிடம்தான் அவை எஞ்சியிருக்கின்றன. கணக்கெடுப்பு அவர்களிடமிருந்து தொடங்கட்டும்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். கட்டுரையோடு வெளியான படத்தின் கீழ் "நாட்டுப் பன்றி" என்று அச்சிட்டிருந்தீர்கள். கருப்பாக இருப்பது சரிதான், ஆனால் அதன் காதுகள் கண்ணை மறைக்குமளவு தொங்குகின்றன, முன்னங்கால்கள் வெள்ளையாக இருக்கின்றன. நான் பார்த்துப் பழகிய நாட்டுப் பன்றிக்குச் சிறிய நிமிர்ந்த காதும், நீண்ட மூக்கும், பிடரியில் நட்டுக்கொண்டு நிற்கும் முரட்டு மயிரும் உண்டு. படத்தில் இருப்பது, லேண்ட்ரேஸ் போன்ற ஏதோ ஒரு சீமை இனத்தோடு கலந்த பன்றி என்றே தோன்றுகிறது. உண்மையான நாட்டுப் பன்றியின் படம் தேவைப்பட்டால் புகைப்படக்காரரைச் சீக்கிரமாக அனுப்பிவையுங்கள். எந்த ஏரிக்கரைக்குப் போகலாம் என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.