கிணற்று நீரும் தொகுதி எல்லையும்: மேடிசனிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாலையில் மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதைப் படித்து நிம்மதி அடைந்தேன். மகள் வீட்டில் அனைவரும் நலம்.

"நீதிபதிகளையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊரில் என்ன நீதி கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் இந்த விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் விசாரித்த இரண்டு வழக்குகளைப் பற்றி எழுதினால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. ஒன்று மாட்டுப் பண்ணைக்கு அளித்த அனுமதி பற்றியது, மற்றது தொகுதி எல்லை பற்றியது. நில அளவைத் துறையில் ஒன்றாகச் சங்கிலி பிடித்து நடந்த நமக்கு இரண்டுமே பழகிய விவகாரங்கள்தாம்.

மிச்சிகன் ஏரிக்கரையில் கிவானி என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்கே மேல்மண் மிகவும் மெல்லியது. அதன் கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புப் பாறை. வயலில் கொட்டும் சாணக் கழிவு மண்ணில் வடிகட்டப்படாமல் அந்த வெடிப்புகளின் வழியே நேராக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடுகிறது. கின்னார்ட் என்ற பால் பண்ணை மேலும் 3,000 பசுக்களைச் சேர்க்க விரும்பியபோது, மாநில இயற்கை வளத்துறை 2012இல் அனுமதி அளித்தது. எத்தனை மாடுகள் வரை வைக்கலாம் என்ற உச்சவரம்போ, சுற்றுப்புறக் கிணறுகளைச் சோதிக்கும் ஏற்பாடோ அந்த அனுமதியில் இல்லை. அருகில் குடியிருந்த ஐந்து பேர் முறையிட்டனர். அந்த ஊராட்சியில் தனியார் கிணறுகளில் பாதி வரை கெட்டுப்போயிருப்பதாக 2014இல் நடந்த விசாரணையில் சாட்சியம் சொல்லப்பட்டது; விசாரித்த அதிகாரி, உச்சவரம்பும் வேண்டும், நீர்ச் சோதனையும் வேண்டும் என்று உத்தரவிட்டார்.

ஆனால் பின்னர் இயற்கை வளத்துறையே அந்த நிபந்தனைகளிலிருந்து பின்வாங்கியது. சட்டத்திலோ விதியிலோ வெளிப்படையாகச் சொல்லப்படாத நிபந்தனை எதையும் அரசுத் துறை விதிக்கக் கூடாது என்று 2011 மே மாதத்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தை அது காரணம் காட்டியது. 'வெளிப்படையாக' என்றால் ஒவ்வொரு நிபந்தனையையும் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டுமா, அல்லது பரந்த அதிகாரமானாலும் தெளிவான சொற்களில் தரப்பட்டிருந்தால் போதுமா என்பதே உச்ச நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி. 2021 ஜூலை 8ஆம் தேதி, நீதிபதி ஜில் கரோஃப்ஸ்கி எழுதிய தீர்ப்பில், நால்வர் தெளிவான பரந்த அதிகாரமே போதும், ஆகவே துறை அந்த நிபந்தனைகளை விதிக்கலாம் என்றனர், இருவர் மறுத்தனர். பழமைவாதத் தரப்பைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அப்போதைய தலைமை நீதிபதி ஆனெட் ஸீக்லரும் அந்த நால்வரில் ஒருவர் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பெருமளவு நீர் இறைக்கும் பெருந்திறன் கிணறுகளுக்கு அனுமதி அளிப்பது பற்றிய மற்றொரு வழக்கிலும் அன்றே இதே போக்கில் தீர்ப்பு வந்தது.

அந்த 2011 சட்டத்தை இயற்றிய, குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்த அதே சட்டமன்றம்தான், அதே ஆண்டில் தொகுதி வரைபடத்தையும் திருத்தி வரைந்தது. அதன் விளைவை 2018 தேர்தலில் காணலாம்: கீழவைக்கு மாநிலம் முழுவதும் விழுந்த ஓட்டுகளைக் கூட்டினால் ஜனநாயகக் கட்சிக்கே அதிகம், கிடைத்த இடங்களோ 99இல் 36. கிணறு கெட்ட குடும்பம் சட்டத்தை மாற்றச் சொல்லி யாரிடம் போகும்? அந்தக் கேள்வியால்தான் இவ்விரு வழக்குகளையும் என்னால் பிரித்துப் பார்க்க இயலவில்லை.

2022இல் நீதிமன்றம் ஏற்ற வரைபடமும் பழையதை அதிகம் மாற்றாமல் வரையப்பட்டதே. அது பற்றிய வழக்கின் வாய்மொழி விசாரணை 2023 நவம்பர் 21 அன்று ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடந்தது. நான் அதைக் கணினியில் முழுமையாகப் பார்த்தேன். எந்தக் கட்சிக்கு ஆதாயம் என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவில்லை. தொகுதி 'தொடர்ச்சியான நிலப்பரப்பாக' இருக்க வேண்டும் என்று மாநிலத்தின் 1848ஆம் ஆண்டு அரசமைப்பு சொல்கிறது. அதன் பொருள் என்ன என்பதே வாதம். நகரங்கள் பக்கத்து ஊராட்சியின் நிலத்தைத் துண்டு துண்டாக இணைத்துக்கொள்ளும்போது, மிஞ்சிய நிலம் தீவுகளாகச் சிதறிவிடுகிறது. ஒரே ஊராட்சிக்கு உட்பட்ட தீவுகள் என்பதால் அவற்றைத் தொடர்ச்சியாகவே கொள்ளலாம் என்று ஒரு தரப்பு வாதிட்டது. மாநிலத் தலைநகர் மேடிசனை ஒட்டிய 47ஆம் தொகுதியின் படத்தைப் பாருங்கள்: பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தனித் துண்டுகள். நம் அலுவலகத்தில் இப்படி ஒரு புலப்படத்தை வைத்து இது ஒரே புலம் என்று எழுதினால் தாசில்தார் கையெழுத்துப் போட்டிருப்பாரா? 99 கீழவைத் தொகுதிகளில் குறைந்தது 50, 33 மேலவைத் தொகுதிகளில் குறைந்தது 20 அவ்வாறு துண்டுபட்டவை எனக் கண்ட நீதிமன்றம், டிசம்பர் 22 அன்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வரைபடத்தைத் தள்ளிவிட்டது. 2024 பிப்ரவரியில் ஆளுநர் டோனி எவர்ஸ் புதிய வரைபடத்தில் கையெழுத்திட்டார். அந்த நவம்பரில் கீழவை குடியரசுக் கட்சிக்கு 54, ஜனநாயகக் கட்சிக்கு 45 என்று அமைந்தது. முன்பு அது 64க்கு 35.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரைபடத்தைத் தள்ளிய நால்வரில் ஒருவரான ஜேனட் ப்ரோட்டசீவிச் 2023 ஏப்ரலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிரசாரத்தின்போதே இந்த வரைபடம் நேர்மையற்றது என்று பேசியவர். அவர் ஆகஸ்ட் 1 அன்று பதவியேற்றார், மறுநாளே வழக்கு தொடரப்பட்டது. தீர்ப்பின் காரணம் சரியானது என்று நம்பும் எனக்கும் இது உறுத்துகிறது. அந்தத் தேர்தலில் செலவான பணம் அதுவரை இந்நாட்டின் எந்த நீதிபதித் தேர்தலிலும் செலவாகாதது. 2025 தேர்தலில் அதையும் தாண்டிவிட்டார்கள். கிணற்றுக்காக வழக்காடிய அந்த ஐந்து பேருக்கும் இத்தனை பணத்துக்கும் என்ன தொடர்பு என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஆயினும் அவர்கள் முறையீட்டைக் கேட்டது இந்த நீதிமன்றம்தான் என்பதையும் என்னால் மறுக்க முடியவில்லை.

பனி உருகியதும் கிவானிக்கு ஒருமுறை போய்வர எண்ணியிருக்கிறேன். 47ஆம் தொகுதியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லைக்கோட்டை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்புள்ள நண்பன்