பெயர் சொல்ல வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

தேரிக்காட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபையின் போதகர் ஐயரவாள் அவர்களுக்கும், கமிட்டியாருக்கும், உபதேசியாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மாருக்கும், வாலிபர் சங்கத்துத் தம்பிமாருக்கும், ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் இடையே தாமிரபரணிக் கரையில் குடியிருக்கும் எங்கள் தெருவார் அனைவரின் வணக்கம்.

எங்கள் தெருவுக்கு நீங்கள் செய்ததை எங்கும் எழுத வேண்டாம் என்றும், எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் ஊரின் பெயரோ சபையின் பெயரோ ஆட்களின் பெயரோ அதில் வரக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டீர்கள். வலது கை செய்கிறதை இடது கை அறியாதிருக்க வேண்டும் என்னும் மத்தேயு சுவிசேஷ வாக்கியத்தை அதற்குக் காரணமாகவும் சொன்னீர்கள். பாளையங்கோட்டையில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவன் என்ற முறையில் அந்த அதிகாரம் எனக்கும் பழக்கமானதே. அக்கட்டளை கொடுப்பவரின் கைக்கு இடப்பட்டதே தவிர, வாங்கியவரின் வாயைக் கட்டுவதற்கு இடப்பட்டதன்று என்பது என் துணிபு. ஆகவே பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் தெருவாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்து ஞாயிற்றுக்கிழமையன்று தொடங்கிய மழையைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் என்று பதிவான மழை அது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து வந்த நீரும், நிரம்பி உடைந்த குளங்களின் நீரும், வானத்திலிருந்து நேராக விழுந்த நீரும் ஒன்றுசேர்ந்தபோது ஆறு எது, வயல் எது, தெரு எது என்று தெரியாமல் போயிற்று. நாங்கள் பள்ளிக்கூட மாடியில் ஏறி உயிர் தப்பினோம். வெள்ளம் வடிந்த பின்னர் இறங்கிவந்து பார்த்தபோது, வீடுகளுக்குள் முழங்கால் அளவுக்கு வண்டல் நின்றது.

நீங்கள் வந்தது அந்த வண்டலுக்குள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் உங்கள் வாலிபர்கள் நட்சத்திர விளக்கும் ஆர்மோனியமுமாக வீடு வீடாகப் பஜனை போகும் வாரம் என்பது இச்சீமையில் எல்லா மதத்தாருக்கும் தெரியும். அவ்வாண்டு அந்தப் பிள்ளைகள் மண்வெட்டியும் சட்டியும் கடப்பாரையுமாக, சாலை அறுந்துகிடந்த இடத்தில் லோடு வேனை நிறுத்திவிட்டு, மீதித் தொலைவைச் சகதியில் நடந்து வந்தார்கள். வந்தவர்கள் முதலில் கேட்டது எந்தெந்த வீடுகளில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதைத்தான். அந்த வீடுகளிலிருந்து வேலை தொடங்கிற்று. கோவில் ஜோடிப்புக்கும், கேக்குக்கும், பண்டிகைப் புத்தாடைக்கும் என்று ஒதுக்கியிருந்த பணம் டீசல் மோட்டாருக்கும் தார்ப்பாய்க்கும் போய்விட்டது என்பது வெகு நாட்களுக்குப் பிறகு, அதுவும் உங்கள் ஊரில் பெண் கொடுத்த எங்கள் தெருக்காரர் ஒருவர் வழியாக, எங்களுக்குத் தெரியவந்தது.

நீங்கள் கொண்டுவந்த அரிசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதல் நாள் உலையில் போட்டபோது பாதி குழைந்தது, பாதி வேகாமல் விறைத்து நின்றது. பச்சரிசி, புழுங்கலரிசி, பொன்னி, நியாயவிலைக் கடை அரிசி என எல்லாம் ஒரே சாக்கில் கலந்து கிடந்தன. யாரோ ஏமாற்றி விற்ற மட்ட அரிசி என்று எங்களில் சிலர் நினைத்தார்கள். எங்கள் மதினி ஒருவர்தாம் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, இது கடையில் வாங்கியது அன்று, பிடி அரிசி என்றார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்துக் கோவிலுக்குக் கொடுக்கும் பழக்கம் திருநெல்வேலிச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருவது. பனையேறியின் வீட்டுப் பிடியும், வாத்தியார் வீட்டுப் பிடியும், பீடி சுற்றிப் பிழைக்கும் அம்மாவின் வீட்டுப் பிடியும் அந்தச் சாக்கில் இருந்தன. ஒரு பெரிய தனவந்தர் அனுப்பிய நூறு மூட்டையைக் காட்டிலும் அந்த ஒழுங்கற்ற சோறு எங்களுக்கு உயர்வாகப் பட்டது. (பிறகு எங்கள் பெண்கள் அரிசியை முறத்தில் தெள்ளி, வேகும் நேரத்தைப் பார்த்து இரண்டு பானைகளில் பொங்கினார்கள் என்பதையும் உண்மைக்காகச் சேர்த்துவிடுகிறேன்.)

உதவி என்ற பெயரில் அந்நாட்களில் எத்தனையோ வந்து இறங்கிற்று. யாரும் உடுத்த முடியாத பழந்துணிகள் சாலையோரத்தில் குவிந்து நாறியதை இப்பகுதியில் பலரும் பார்த்திருப்பீர்கள். குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கொடுக்கும் மனம் எல்லோருக்கும் இருந்தது, கேட்டுக் கொடுக்கும் பொறுமை சிலருக்கே இருந்தது. உங்கள் சங்கத்துத் தாய்மார் ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து எங்கள் பெண்களோடு உட்கார்ந்து பேசி, மறுநாள் உள்ளாடைகளும், மாதவிலக்குக்கு வேண்டிய நாப்கின்களும், கொசுவலையும், மூடியுள்ள வாளிகளும் கொண்டுவந்தார்கள். மேடை போட்டு வழங்க முடியாத பொருள்கள் அவை. செத்த ஆடு மிதந்த பொதுக்கிணற்றை மோட்டார் வைத்து இறைத்து, அடியில் இறங்கிச் சேற்றை வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஊறிய நீரை மறுபடியும் இறைத்துக் கொட்டியது உங்கள் ஊர்க் கிணறு வெட்டும் அண்ணாச்சிமார். கூலிக்கு ஆள் கேட்டாலும் வராத வேலை அது.

இவ்வளவும் நடக்கும்போது எங்கள் தெருவில் ஒரு சந்தேகமும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இம்மடல் முகத்துதியாகிவிடும். தாது வருடப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரையிலான கொடுங்காலத்தில், இச்சீமையில் மிஷனரிமார் கஞ்சி ஊற்றியதும், அதையடுத்துப் பலர் கிறிஸ்தவத்தில் சேர்ந்ததும், கஞ்சிக்காகச் சேர்ந்தார்களா கருணையைக் கண்டு சேர்ந்தார்களா என்று அன்றே வாதம் எழுந்ததும் பழைய கதை. அந்த வாதத்தின் நிழல் இன்றும் இங்கு முழுவதும் நீங்கிவிடவில்லை. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் உங்கள் கமிட்டிக்காரர் ஒருவரிடம், இதற்கெல்லாம் கைம்மாறாக எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அவர் கோபப்படவும் இல்லை, நீளமாக விளக்கம் சொல்லவும் இல்லை. உங்கள் அம்மன் கோயில் வாசலிலும் சகதி நிற்கிறதே, அதை நாங்கள் அள்ளலாமா, பூசாரி ஐயாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். பூசாரி தலையசைத்தார். உங்கள் பிள்ளைகள் வாசலையும் வெளிப்பிரகாரத்தையும் சுரண்டிக் கழுவிக் கொடுத்து, பலிபீடத்துக்கு அப்பால் ஓர் அடியும் வைக்காமல், உள்ளே உள்ளதை எங்கள் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வெளியே நின்று தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். அதன்பின் அந்தக் கேள்வியை எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

யாக்கோபு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் விடுதியில் நாங்கள் மனப்பாடம் செய்த பகுதிகளுள் ஒன்று. வஸ்திரமும் அநுதின ஆகாரமும் இல்லாத ஒருவனைப் பார்த்து, சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லியும், சரீரத்துக்கு வேண்டியவைகளைக் கொடாவிட்டால் பிரயோஜனம் என்ன என்று கேட்கும் அப்பகுதி, கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று முடியும். பதின்மூன்று வயதில் பரிசுக்காக ஒப்பித்த அந்த வரிகளின் பொருள், ஈரத்துணியோடு பள்ளிக்கூட மாடியில் நடுங்கிய பிறகுதான் உடம்பில் ஏறிற்று. கைப்பேசிக் கோபுரங்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கியவுடன் எங்களுக்கு வந்து குவிந்த ஆறுதல் செய்திகள் ஏராளம். கூப்பிய கைப் படங்களும், பத்திரமாக இருங்கள் என்ற வாசகங்களும் எல்லா மதத்தாரிடமிருந்தும் வந்தன. யாக்கோபு காலத்தில் கைப்பேசி இல்லை. ஆயினும் அவர் யாரைப் பற்றி எழுதினார் என்பது விளங்கிற்று.

அதற்காக வார்த்தையே வேண்டாம் என்பதில்லை. மாட்டுத் தொழுவத்தோடு இரண்டு பசுக்களையும் பறிகொடுத்த ஆச்சி ஒருவர், நீங்கள் எதுவும் பேசாமல் வேலை செய்வதைச் சில நாள் பார்த்துவிட்டு, உங்கள் சாமியிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று தாமாகவே கேட்டார். அப்போதுதான் உங்கள் உபதேசியார் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆச்சியின் பக்கத்தில் குந்தி, மிகச் சுருக்கமாக ஜெபித்தார். எங்கள் தெருவில் நீங்கள் வாய்விட்டு ஜெபித்தது, எனக்குத் தெரிந்தவரை, அந்த ஒரு முறைதான். கேட்கப்பட்ட பிறகு சொல்லப்பட்டதால் அதற்கு இருந்த எடை தனி.

இது உங்கள் சபைக்குப் புதிதாக வந்த குணம் அன்று என்பதும் எனக்குத் தெரியும். நான் படித்த பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய தேவாலயத்தின் ஊசிக்கோபுரத்தை வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த ஊரின் கிறிஸ்தவத்தை எனக்குக் காட்டியவை வேறு. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிச் சாலையைக் கடப்பதையும், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரின் பெயரைத் தாங்கிய செவித்திறனற்றோர் பள்ளிப் பிள்ளைகள் விரல்களால் பேசிச் சிரிப்பதையும் பார்த்து வளர்ந்தவன் நான். களக்காட்டு மலையடிவாரத்தில் டோனாவூரில், கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணி வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951-இல் காலமாகுமுன், தம் கல்லறைக்குப் பெயர்க்கல் நடக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதன்மேல் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி ஒன்றைத்தான் வைத்தார்கள். பெயர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு அந்தத் தொட்டி நினைவுக்கு வந்ததால்தான் உங்கள் விருப்பத்துக்கு உடன்பட்டேன். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் வழக்காடியிருப்பேன்.

பொங்கலுக்குப் பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். செய்தியாளர்களும் போனார்கள், வேன்களும் போயின, அது இயல்புதான். அரசு அறிவித்த 6,000 ரூபாய் நியாயவிலைக் கடை வழியாகக் கைக்கு வந்து அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் ஆயிற்று. எஞ்சி நின்றவை மணல் மேடிட்ட வயல்களும், நனைந்து ஒட்டிப்போன பட்டாக்களும் பள்ளிச் சான்றிதழ்களும், வேரோடு சாய்ந்த வாழைகளும். உங்கள் சபையில் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர் ஒருவரும் பள்ளி எழுத்தர் ஒருவரும் ஞாயிறு ஆராதனை முடிந்த பிற்பகல்களில் பேருந்து ஏறி வந்து, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, மனுக்களை எழுதிக் கொடுத்தார்கள். எந்த மனுவோடு எந்த நகலை இணைக்க வேண்டும் என்று பிரித்துக் கட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களோடு அலுவலகத்துக்கும் உடன் போனார்கள். வயலில் ஏறிய மணலை வார ஜேசிபிக்கு உங்கள் சபை பணம் கட்டிற்று. களக்காட்டுப் பக்கமிருந்து வாழைக்கன்றுகள் வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பிற்று. சகதி அள்ளிய பிள்ளைகளைக் காட்டிலும் இந்த மனு எழுதிய இருவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது என்று நான் சொன்னால் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். சகதி அள்ளும்போது ஊரே பார்க்கிறது; மனு எழுதும்போது பார்ப்பவர் இல்லை, அலுப்பு மட்டுமே உண்டு.

நற்செயல் ஒரு மதத்தின் தனியுடைமை என்று நானும் எண்ணவில்லை, நீங்களும் எண்ணவில்லை. அதே வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனபோது, ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். பக்கத்திலுள்ள புதுக்குடி மக்கள் தாங்களே மழையில் நனைந்துகொண்டு அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்ததை நாடறியும். அவர்களுக்கும் இந்த மடலின் ஓரத்தில் எங்கள் வணக்கம் சேரட்டும். 1986-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தாலும், ஆறும் அதன் கரையிலுள்ள சனங்களும் பழைய திருநெல்வேலிச் சீமைதான்.

நீங்கள் அனுப்பிய கன்றுகள் வேர்பிடித்துக் குலை தள்ளிவிட்டன. உங்கள் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்குச் சாதி மத பேதமின்றி எல்லோரும் பந்தியில் உட்காருவார்கள் என்று அறிவோம். நன்கொடை எதுவும் வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்பதால் அந்தப் பேச்சுக்கே நாங்கள் வரவில்லை. பந்திக்கு வேண்டிய இலைகள் எல்லாம் இவ்வாண்டு முதல் எங்கள் தோட்டங்களிலிருந்து வரும்; அதைத் தெருக்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டோம். முதல் நாள் மாலையில் அறுத்து, இரவோடு இரவாகக் கொண்டுவந்து சேர்ப்போம். தலைவாழை எத்தனை கட்டு, ஏட்டிலை எத்தனை கட்டு என்பதை மட்டும் உபதேசியார் ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் போதும். பந்தி பரிமாறவும் எங்கள் தெரு வாலிபர்கள் வருவார்கள். அவர்களுக்கு எந்த வேலை என்று உங்கள் சமையல் பொறுப்பாளர் சொல்லட்டும்.

இங்ஙனம்,
ஆற்றங்கரைத் தெருவார் சார்பில்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்