சியோல் செல்லும் உறுப்பினர்களின் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். தொழில் நிமித்தம் கொரிய நிறுவனத்தாரைச் சந்திக்கச் செல்வோர், பெயர் அட்டையை இரு கைகளாலும் கொடுத்து, அவர்கள் தருவதையும் அவ்வாறே வாங்கி, நின்று படித்துப் பார்த்து, கூட்டம் முடியும்வரை மேசைமேல் தம் முன்னால் வைத்திருப்பதே அங்கு மரியாதை. வாங்கியவுடன் பேன்ட்டின் பின்பையில் செருகினால் அவமதிப்பாகத் தோன்றும். வாசலிலிருந்து தள்ளியுள்ள இருக்கை விருந்தினருக்கோ மூத்தவருக்கோ உரியது என்பதால், உட்காரச் சொல்லும்வரை பொறுத்திருங்கள். விருந்தில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் உண்பார்கள். தம் கோப்பையில் தாமே ஊற்றிக்கொள்வது வழக்கமில்லை. மது அருந்தாதோர் பழச்சாற்றையும் இரு கைகளால் ஏந்திப் பெறலாம். (சைவ உணவினர் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது, கிம்ச்சி எனும் புளிக்கவைத்த காய்கறி உணவில்கூடப் பெரும்பாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும்.) அரசு அலுவலர்களுக்குப் பரிசளிக்க எண்ணுவோர், 2016 முதல் நடைமுறையிலுள்ள சட்டம் பரிசுக்கும் விருந்துக்கும் தொகை வரம்பு விதித்திருப்பதை முதலில் சரிபார்த்துக்கொள்ளவும்.